‘உங்கள் தப்பில்லை’ என்று சொல்வதற்கு முன்னால்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், வார்டு உதவியாளர்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும்,



2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா உறுதியானது. இரண்டாம் அலையில் மாநிலம் தொட்ட உச்சம் அது. அந்த எண் அன்றைய செய்திக் குறிப்பில் வந்தது, தொலைக்காட்சியில் ஓடியது, இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். எந்தக் குறிப்பிலும் ஏறாத கணக்கு ஒன்று உங்களிடம் இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்ற அந்த வாரங்களில் ஓர் ஆக்ஸிஜன் படுக்கை எப்படிக் காலியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். காலியானதும் வாசலில் காத்திருப்பவர்களில் யாரை ஏற்றுவது என்ற கேள்வி வரும். அதற்கு அந்த நிமிடத்தில் பதில் சொன்னவர் பெரும்பாலும் அமைச்சரும் அல்ல, டீனும் அல்ல. இரவு டியூட்டியில் இருந்த பட்டமேற்படிப்பு மாணவரும், பக்கத்தில் நின்ற ஒப்பந்தச் செவிலியரும்தான்.

அலை வடிந்தது. பிபிஇ உடைகள் குப்பைக்குப் போயின. படுக்கைகள் பழைய வரிசைக்குத் திரும்பின. ஆனால் அந்த மே மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடும் செவிலியர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு படுக்கையின் பக்கம் போக வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டவர்களும், விடாமல் உள்ளுக்குள் எதையோ விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இதற்கு ‘டென்ஷன்’ என்று பெயர். நிர்வாகத்தில் ‘வேலைச் சோர்வு’ என்று பெயர். இரண்டுமே பொருந்தாத பெயர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பொருந்தும் பெயர் போர்க்களத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே. அவர்கள் சொன்னதைப் பல ஆண்டுகள் கேட்டபோது, அவர்களில் பலரைத் தின்றுகொண்டிருந்தது மரண பயம் அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. குண்டு வெடித்ததைவிட, வெடிக்கச் சொன்னவர் பொய் சொன்னதுதான் அவர்களை உடைத்திருந்தது. 1994-இல் வெளிவந்த தன் நூலில் அவர் கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீஸை வியட்நாம் வீரர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அக்கிலீஸின் சினம் எதிரியிடம் தொடங்கவில்லை. சொந்தப் படைத்தலைவன் அகமெம்னோன் அவனுக்கு அநீதி இழைத்ததில்தான் தொடங்கியது. உயிர் ஊசலாடும் நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர் எது சரியோ அதற்குத் துரோகம் செய்யும்போது உண்டாகும் காயம் என்று ஷே இதை விளக்கினார். 2009-இல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் அந்த வரையறையை விரித்தார்கள். தன் மனசாட்சிக்கு விரோதமான ஒன்றைத் தானே செய்வது, தடுக்க வேண்டியதைத் தடுக்காமல் போவது, கண்முன் நடப்பதைப் பார்த்து நிற்பது ஆகிய மூன்றுமே இந்தக் காயத்தை உண்டாக்கும் என்றார்கள். தமிழில் இதை அறக்காயம் என்று சொல்லலாம்.

பயத்தால் வரும் மனவடுவை மருத்துவ உலகம் 1980-இலேயே ஒரு நோயாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பெருவிபத்தில் தப்பியவர் சத்தம் கேட்டால் நடுங்குகிறார். அவருடைய உடல் இன்னும் ஆபத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அறக்காயம் பட்டவருக்கு நடுக்கம் பெரிதல்ல. குற்ற உணர்வும் வெட்கமும் கோபமும்தான் பெரிது. ‘எனக்கு என்ன ஆகிவிடுமோ’ என்பது முன்னவரின் கேள்வி. ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்பது பின்னவரின் கேள்வி. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் பயத்துக்குத் தரும் மருந்து வெட்கத்துக்கு வேலை செய்யாது.

செவிலியர் உலகம் இதைப் போர்க்கள மருத்துவர்களுக்கு முன்பே கண்டுகொண்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவ ஆசிரியர் 1984-இல் செவிலியர் பணியின் அறச் சிக்கல்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எது சரி என்று செவிலியருக்குத் தெரிகிறது, மருத்துவமனையின் கட்டமைப்பு அதைச் செய்ய விடுவதில்லை. இந்த நெருக்கடியை அவர் தனியாகப் பிரித்துக் காட்டினார். 2018-இல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இன்னும் நேரடியாகவே எழுதினார்கள். மருத்துவர்கள் சோர்ந்துபோகவில்லை, அறக்காயம் பட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். சோர்வு என்று சொல்லும்போது குறை மருத்துவரின் தாங்கும் சக்தியில் இருப்பதாக ஆகிவிடுகிறது. அவரை யோகா வகுப்புக்கு அனுப்பினால் போதும் என்று தோன்றுகிறது. காயம் என்று சொன்னால் காயப்படுத்தியது எது என்ற அடுத்த கேள்வி வந்தே தீரும். நிர்வாகங்களுக்கு முதல் சொல் வசதியாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த மே மாதத்தில் காயப்படுத்தியவை எவை? தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்தின் சாமராஜநகரில், மாவட்ட மருத்துவமனையில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனது. மே 2-ஆம் தேதி காலையிலிருந்து ஒரு நாளைக்குள் அங்கே 24 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த குழு பற்றாக்குறையை உறுதி செய்தது. சிலிண்டர் வருகிறது வருகிறது என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்த ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது, அதிகாரிகள் மறுத்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வார்டில் படுக்கைக்குப் படுக்கை ஓடியவர்கள் எந்த அறிக்கையாலும் ஆறுதல் அடைந்திருக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத காயங்களும் உண்டு. ரெம்டெசிவிர் மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்துவிட்டது. உயிரைக் காப்பதாகச் சான்று போதவில்லை என்பது காரணம். ஆனாலும் 2021 ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக மக்கள் இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். கையில் வைத்திருந்தது மருத்துவர் எழுதிய சீட்டு. எழுதாவிட்டால் ‘எங்க அப்பாவைச் சாகவிட்டுட்டீங்க’ என்ற பழி வரும். எழுதினால், ஒரு மகன் நகையை அடகு வைத்து வெயிலில் நிற்பான். சீட்டை நீட்டிய இளம் மருத்துவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் படித்த படிப்புக்கும் எழுதிய சீட்டுக்கும் இடையில் இருந்த தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உடல்கள். கசியாத பையில் இட்டு மூட வேண்டும், உறவினர் தொலைவில் நின்று முகம் பார்க்கலாம், தொடக் கூடாது என்பது விதி. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. வாய்க்கரிசி போட முடியாத மகள், குளிப்பாட்ட முடியாத பிள்ளைகள், கையைப் பிடித்து ஜெபிக்க முடியாத கணவர். இவர்களுக்கும் உடலுக்கும் நடுவில் நின்று ‘தள்ளி நில்லுங்கம்மா’ என்று சொல்ல வேண்டிய வேலை வார்டு உதவியாளருக்கு வந்தது. இறந்தவரைத் தூய்மையாக வழியனுப்புவதைப் புண்ணியமாக நினைத்து வளர்ந்தவர் அவர். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் உள்ளிட்ட பலர் மதம் பாராமல் அடக்கம் செய்ய முன்வந்ததை ஊடகங்கள் பாராட்டின. அவர்களிடம் உடலைத் தள்ளிக்கொண்டு வந்து ஒப்படைத்த கைகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

சமூகமே துரோகம் செய்த இரவும் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ரத்தக் காயத்தோடு திரும்பினார்கள். நள்ளிரவில், போலீஸ் காவலில், சக மருத்துவர் பிரதீப் குமார் இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு வேலங்காட்டு மயானத்துக்குப் போய், மண்வெட்டியாலும் கையாலும் மண் தள்ளி நண்பரைப் புதைத்தார். குடும்பம் விரும்பிய கல்லறைக்கு உடலை மாற்றும் உத்தரவுக்காக அந்தக் குடும்பம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நாடு முழுக்க விளக்கேற்றி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. பூவும் கல்லும் ஒரு மாதத்துக்குள் விழுந்ததை மருத்துவமனை ஊழியர்கள் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

இப்படிப்பட்ட காயம் உள்ளே இருந்தால் என்ன செய்யும்? தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவையும் உண்டு. சிலர் யாரும் கேட்காமலே கூடுதல் ஷிப்ட் எடுப்பார்கள், விடுப்பு வேண்டாம் என்பார்கள். பார்ப்பவர்கள் இதை அர்ப்பணிப்பு என்று பாராட்டுவார்கள். உண்மையில் அது தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையாகவும் இருக்கலாம். குணமாகி வீடு போன நோயாளி இனிப்பு வாங்கி வந்தால் சிலருக்கு வாங்கிக்கொள்ளக் கை வராது. சிலர் சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட ஒதுங்கி நிற்பார்கள், சந்தோஷப்படத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல. சிலருக்கு எல்லாமே வெறுத்துப்போகும்; நோயாளியின் மனைவி நான்காவது முறை அதே கேள்வியைக் கேட்டால் சுள்ளென்று விழுவார்கள், பிறகு கழிவறையில் போய் அழுவார்கள். சிலர் குடிப்பார்கள். ‘என் கையில் யாரும் சாகாமல் இருந்தால் போதும்’ என்று ஆபத்தான நோயாளிகளையே மேல் மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் பழக்கமும் இதிலிருந்து முளைக்கும்.

ஆன்மாவுக்கு நேர்வதைப் பற்றி மருத்துவ உலகம் பேசக் கூச்சப்படுகிறது. உங்களில் பலர் சாமி கும்பிடுகிறவர்கள். டியூட்டிக்குப் போகும் வழியில் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள், நைட் டியூட்டி முடிந்து நேராகத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், லுஹர் தொழுகைக்கு அறை தேடுகிறவர்கள். அறக்காயம் பட்டவருக்கு அங்கேதான் முதலில் கதவு சாத்துகிறது. கடவுளிடம் கோபம் வந்தவர்கள் உண்டு; அது ஒருவகையில் பேச்சுவார்த்தை, உறவு அறுந்துவிடவில்லை. தான் போனால் சன்னதி அழுக்காகிவிடும் என்று நினைத்து ஒதுங்குகிறவரின் நிலை இன்னும் மோசம். ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த முகங்கள் வரும் என்பதால் ஜெபத்தையே நிறுத்தியவர் தன் காலுக்குக் கீழே இருந்த தரையை இழந்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இது நேரும். உழைத்தால் உயிரைக் காப்பாற்றலாம், நேர்மையாக நடந்தால் நியாயம் கிடைக்கும் என்று அவரும் சிலவற்றை நம்பித்தானே வெள்ளை கோட்டைப் போட்டார்.

தமிழ் இலக்கியத்துக்கு இந்த வலி புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் அநீதி இழைத்தவன் பாண்டியன். உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். அதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் இளங்கோ அங்கே நிற்கவில்லை. கண்ணகியையும் கோவலனையும் தன் வீட்டில் வைத்துக் காத்த இடைக்குலப் பெண் மாதரி எந்தத் தவறும் செய்யாதவள். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லை என்று அவள் தீயில் விழுந்தாள். அவர்களை அவளிடம் ஒப்படைத்த கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்தார். மதுரையில் நடந்ததைப் புகாரில் போய்ச் சொன்னவன் மாடலன் என்ற அந்தணன். அவன் சொன்ன செய்தி கேட்டு இறந்தவர்கள் உண்டு; அந்தப் பாரத்தைக் கழுவத்தான் கங்கைக்கு வந்தேன் என்று சேர அரசன் செங்குட்டுவனிடம் அவனே சொல்கிறான். காக்க நினைத்துத் தோற்றவள், நம்பி ஒப்படைத்தவர், சாவுச் செய்தியைச் சொன்னவன். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த மூன்று பேரும் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறார்கள். மாதரிக்கும் கவுந்திக்கும் யாரும் வழி காட்டவில்லை. மாடலனுக்குக் கங்கை இருந்தது, கேட்பதற்கு ஓர் அரசன் இருந்தான்.

இந்த இடத்தில்தான் உங்களைச் சுற்றி இருப்பவர்கள், நல்ல மனதோடுதான், தவறு செய்கிறார்கள். ‘உங்க தப்பு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நீங்க என்ன பண்ணுவீங்க’ என்கிறார்கள். அன்பால் வரும் சொல்தான். ஆனால் அவசரமாக வரும்போது அது வாயை மூடிவிடுகிறது. அந்தச் செவிலியர் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. இறந்தவர் அவருக்கு ஒரு படுக்கை எண்ணாக இல்லாமல் மனிதராக இருந்ததுதான் காரணம். என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்காமலே தரும் விடுதலையை அவரால் நம்ப முடியாது. ‘இவங்களுக்கு முழுசா தெரிஞ்சா இப்படிச் சொல்ல மாட்டாங்க’ என்று நினைத்துக்கொள்வார். அடுத்த முறை பேச மாட்டார்.

உண்மையிலேயே தவறு செய்தவர்களும் இருக்கலாம் என்பதையும் இந்த மடல் மறைக்க விரும்பவில்லை. களைப்பில் மானிட்டர் ஒலியை அணைத்துவிட்டுக் கண்ணயர்ந்தவர், பயத்தில் ஒரு நோயாளியின் பக்கம் போகாமலே இருந்தவர், கேட்ட பணத்தை வாங்கிக்கொண்டு படுக்கை கொடுத்தவர். இவர்களிடம் போய் ‘உங்கள் தப்பில்லை’ என்பது பொய். அந்தப் பொய் அவர்களைத் தனியாக விட்டுவிடும். அதே நேரம், செய்த தவறுக்கும் செய்தவரின் முழு வாழ்வுக்கும் சமன் போடுவதும் பொய்தான்.

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்கு வரகுண பாண்டியன் கதை தெரிந்திருக்கும். அவன் குதிரைக் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறந்துபோனார். அரசன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டு எங்கே போனாலும் பின்தொடர்ந்தது. கடைசியில் திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசல் வழியாக அவன் உள்ளே நுழைந்தபோது அது வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறினான். இன்றும் கிழக்கு வாசலில் பிரம்மஹத்தியின் சிற்பம் இருக்கிறது, வந்த வழியே திரும்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். யாருடைய உயிர் போனது என்பதை வைத்துப் பாவத்தை அளந்த காலத்தின் கதை அது. அந்த அளவுகோலை ஏற்க வேண்டியதில்லை. கதை நடந்துகொள்ளும் விதம் கவனிக்கத் தக்கது. தெரியாமல் நடந்ததுதானே, மறந்துவிடு என்று யாரும் பாண்டியனிடம் சொல்லவில்லை. சாகும்வரை அனுபவி என்றும் சொல்லவில்லை. ஒரு பயணம், ஒரு வாசல், வெளியேற இன்னொரு வாசல். பாரத்தை இறக்க ஓர் இடத்தை ஊரே கட்டி வைத்திருந்தது.

வேறு சமூகங்களும் கட்டின. 1066-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியப் படைக்குத் திருச்சபை தவக் கடமைகளை விதித்தது. கொன்றது உறுதியாகத் தெரிந்தால், கொன்ற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டு. அடித்தது தெரியும், ஆனால் அடிபட்டவர் இறந்தாரா என்று தெரியாது என்றால் ஒவ்வொருவருக்கும் 40 நாள். அம்பு எய்தவர்களுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்றே தெரியாதல்லவா. அவர்களுக்கு மூன்று தவக்காலம். அத்தனையும் வெற்றி பெற்ற படைக்கு, போப்பின் ஆசியோடு போனதாகச் சொல்லப்பட்ட படைக்கு. தன் அம்பு எங்கே விழுந்தது என்று தெரியாதவனுக்கும் ஒரு பாரம் உண்டு என்று அந்த ஆயர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். எந்த நோயாளிக்கு எது நேர்ந்தது என்று கடைசிவரை தெரியாமலே ஆம்புலன்ஸைத் திருப்பிக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போன 108 ஊழியருக்கு அப்படி ஒரு கணக்கை முடித்துத் தர இங்கே யாரும் இல்லை.

இன்றைய சிகிச்சை முறைகளும் இந்தத் திசையில்தான் நடக்கின்றன. லிட்ஸும் அவருடைய சகாக்களும் வீரர்களுக்காக உருவாக்கிய முறையில், நடந்ததை மழுப்பாமல் சொல்லச் செய்கிறார்கள். பிறகு ஒரு காலி நாற்காலியில் இறந்தவரோ, தான் மிகவும் மதிக்கும் ஒருவரோ உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பேசச் சொல்கிறார்கள். பாட்டியோ, பள்ளி ஆசிரியரோ, யாராகவும் இருக்கலாம். அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன்னைத் தானே மன்னிக்க முடியாதவர், தான் மதிக்கும் ஒருவரின் குரலில் வேறொரு தீர்ப்பைக் கேட்கிறார். அதற்குப் பிறகு, இறந்தவருக்குத் தர முடியாததை வாழ்கிறவர்களுக்குத் தருவது எப்படி என்று யோசிக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், கிறிஸ் ஆன்டால் என்ற சமய ஊழியரும் பீட்டர் யோமன்ஸ் என்ற உளவியலாளரும் நடத்திய குழுவில் இன்னொரு படி இருந்தது. வாரக்கணக்கில் தங்களுக்குள் பேசிய வீரர்கள், கடைசியில் பொதுமக்கள் முன்னால் தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் சொன்னார்கள். கேட்ட மக்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று, உங்களை அனுப்பியது நாங்கள், பொறுப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள்.

அதில்தான் விஷயம் இருக்கிறது. பாரத்தில் தனக்கு உரியது எவ்வளவு, பிறருக்கு உரியது எவ்வளவு என்று பிரிக்காமல் இந்தக் காயம் ஆறுவதில்லை. பிரிப்பதற்குப் பிறரும் வந்து நிற்க வேண்டும்.

யார் வந்தார்கள்? கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. புத்தாண்டில் சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஒப்பந்த விதி, நிதி நிலைமை என்று அரசுத் தரப்பில் காரணங்கள் சொல்லப்பட்டன. அவை சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜோனதன் ஷே எழுதியதை நினைத்துப் பாருங்கள்: உயிர் ஊசலாடிய நேரம், அதிகாரத்தில் இருந்தவர்கள், எது சரியோ அது. வீட்டுக்குப் போகச் சொன்ன கடிதம் பழைய காயத்தின் மேலேயே விழுந்தது.

மாமன்னர் அசோகர் கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும், அதற்காகத் தான் வருந்துவதையும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். அப்படி வருந்திய அரசர்கள் வரலாற்றில் அபூர்வம். ஆனால் கலிங்க மண்ணில் இருக்கும் தவுளி, ஜௌகட பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. அங்கே வேறு கட்டளைகள் பொறிக்கப்பட்டன. வருத்தம் சொல்லப்பட்டது, பாதிக்கப்பட்டவர்கள் படிக்கும் இடத்தில் அல்ல. மருத்துவமனை நிர்வாகங்களும் சுகாதாரத் துறையும் ‘முன்களப் பணியாளர்களின் தியாகம்’ என்று மேடையில் பேசுவது இப்படித்தான் இருக்கிறது. ‘அந்த இரவு போதுமான ஆட்களையும் ஆக்ஸிஜனையும் உங்களுக்குத் தர எங்களால் முடியவில்லை, அந்த முடிவுகளை உங்கள் தலையில் விட்டுவிட்டோம்’ என்று அதே வார்டில், அதே ஆட்கள் முன்னால் சொல்வது வேறு.

அதற்குக் காத்திராமல் உங்களுக்குள்ளேயே தொடங்கக் கூடியவையும் உண்டு. பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் 1995-இல் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்கு முன், தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவே தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று எழுதினார். அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு 1997 முதல் மருத்துவமனைகளில் ஒரு கூட்டத்தை நடத்துகிறது. பேராசிரியர் முதல் வார்டு உதவியாளர் வரை எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். சிகிச்சை சரியா தவறா என்பது அங்கே பேச்சு அல்ல. அந்த நோயாளி உங்களை என்ன செய்தார் என்பதுதான் பேச்சு. இந்த முறை இப்போது பிரிட்டனிலும் பரவியிருக்கிறது. வர்ஜீனியாவில் ஜோனதன் பார்டல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய வழக்கம் இன்னும் எளியது. நோயாளி இறந்ததும் குழுவில் இருப்பவர்கள் குழாய்களைக் கழற்றப் பாயாமல், ஒரு நிமிடம் அப்படியே நின்று, இவர் ஒருவரின் அப்பாவாக, மகளாக இருந்தவர் என்று மனதில் சொல்லிக்கொள்கிறார்கள். பணம் வேண்டாம், அரசாணை வேண்டாம்.

மரணத்தைப் பற்றிக் கூடிப் பேசும் வழக்கம் இங்கேயும் உண்டு: தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய்மரணமும் தணிக்கை செய்யப்படுகிறது. அதனால் உயிர்கள் காக்கப்பட்டிருக்கின்றன; அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தத் தணிக்கை மேசை முன்னால் உட்கார்ந்த செவிலியருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அது ஒரு விசாரணை மன்றம். அங்கே ‘ஏன் தாமதம்?’ என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு நாள், குறிப்பெடுக்காத, மெமோ வராத ஓர் அறையில், ‘அதிலிருந்து உனக்கு எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்க மூத்த செவிலியர் ஒருவர் போதும். கேட்பவர் உடனே ஆறுதல் சொல்லக் கூடாது. கடைசிவரை கேட்க வேண்டும். சொல்பவர் தப்பு என்று எதைச் சொல்கிறாரோ அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் உன் கை எவ்வளவு, ஆள் பற்றாக்குறையின் கை எவ்வளவு, நோயின் கை எவ்வளவு. உங்களில் நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் பூசாரியிடமோ, பாதிரியாரிடமோ, இமாமிடமோ போனால், சடங்கு மட்டும் கேட்காமல் நடந்ததையும் சொல்லுங்கள். அவர்களும் பரிகாரத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் முழுதாகக் கேட்க வேண்டும் என்று இந்த மடல் அவர்களையும் கேட்டுக்கொள்கிறது.

இப்போது பணியில் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களும் புதிய செவிலியர்களும் 2021-இல் கல்லூரியிலோ பள்ளியிலோ இருந்தவர்கள். அந்த இரவுகளை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் சாலை விபத்தும், விஷம் குடித்து வரும் பள்ளி மாணவியும், வென்டிலேட்டர் காலியில்லாத ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கும் வரும். முதல் மரணத்துக்குப் பிறகு அவர்கள் கேன்டீனில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், ‘போகப் போகப் பழகிடும்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்களுடைய முதல் மரணத்தையும் சொல்லுங்கள்.

வார்டில் யாரிடமும் பேச முடியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இன்றைக்கே அழையுங்கள், அல்லது நம்பும் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அழைக்கும்போது இது மன அழுத்தமா, சோர்வா, வேறெதுவா என்று நீங்கள் பெயர் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டாம். அன்று என்ன நேரம், எந்த வார்டு, யார் படுத்திருந்தார் என்பதிலிருந்தே தொடங்கலாம்.